எண்ணெய் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது எது?

வாசகி கேள்வி: மேடம், நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் கணவருக்கு 49 வயது, ஃபோர்ட்டில் வேலை. ஜனவரியில் ஆபீஸில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கொலஸ்டிரால் அதிகம் என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். 'சாப்பாட்டிலேயே சரி பண்ணிக் காட்டறேன்' என்று இவர் மாத்திரையைத் தொடவில்லை. நானும் அன்றே வீட்டில் எண்ணெயை நிறுத்திவிட்டேன். தாளிப்பு, தேங்காய், நெய், முட்டை மஞ்சள் கரு எதுவும் கிடையாது. மீன் வாங்குவதும் இல்லை. காலையில் ஐந்து இட்லி சாம்பார் அல்லது கார்ன்ஃப்ளேக்ஸ், மதியம் டப்பாவில் சாதம், ரசம், வேகவைத்த காய், ராத்திரி நான்கு சப்பாத்தி, தண்ணியாகப் பருப்பு. டப்பா பாதி மிச்சமாகத் திரும்பி வருகிறது. சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் வடா பாவ் சாப்பிடுவதாக நேற்றுதான் ஒப்புக்கொண்டார். ஏப்ரலில் மறுபடி பார்த்தால் ட்ரைகிளிசரைடு முன்னைவிட ஏறியிருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை, 'நெய்யை நிறுத்தினா நரம்பு தளரும்' என்கிறார்கள். கடைக்காரர் ஆலிவ் எண்ணெய் வாங்கச் சொல்கிறார். மாமனார் 54 வயதில் மாரடைப்பில் போனவர், அதனால்தான் இவ்வளவு பயம். 11-வது படிக்கும் மகளும் அப்பாவோடு சேர்ந்து எண்ணெய், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். எட்டு கிலோ குறைந்து பார்க்க அழகாகத்தான் இருக்கிறாள். முடிதான் கொட்டுகிறது, மூன்று மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. நான் எங்கே தப்பு செய்தேன்?

பதில்:

வணக்கம்மா. மகளைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். உங்கள் கணவரின் ரிப்போர்ட்டுக்கு வேண்டிய வேலையை நிதானமாகச் செய்துகொள்ளலாம். மகள் விஷயம் இந்த வாரமே பார்க்க வேண்டியது.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு, எட்டு கிலோ குறைந்த கையோடு நின்றிருக்கிறது. போதிய சாப்பாடு உள்ளே வராதபோது உடம்பு செலவைக் குறைக்க ஆரம்பிக்கும். உயிர் பிழைக்க உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். முடி வளர்ப்பதும் மாதவிலக்கும் அதில் முதலில் வருகிறவை. மூளையிலிருந்து போகும் ஹார்மோன் கட்டளை குறைந்து, ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிடும். எலும்பு கெட்டிப்படுகிற வயதில் ஈஸ்ட்ரோஜன் இறங்குவது சின்ன விஷயம் இல்லை. வாழ்நாள் முழுக்க நம்மைத் தாங்கப்போகும் எலும்பின் பெரும்பங்கு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இப்போது விட்டதைப் பின்னால் முழுதாகப் பிடிக்க முடியாது. தைராய்டு, கருமுட்டைப் பைக் கோளாறு என்று வேறு காரணமும் இருக்கலாம் என்பதால், சாப்பாட்டை மாற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போய், எடை குறைந்ததையும் சாப்பாட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் இன்னொன்றும் செய்ய வேண்டும். 'மெலிந்து அழகாக இருக்கிறாள்' என்ற பேச்சை இன்றோடு எல்லோரும் விட்டுவிடுங்கள். சொந்தக்காரர்கள் சொன்னாலும் அவள் காதில் விழாமல் பேச்சை மாற்றுங்கள். 'அப்பாவின் ரிப்போர்ட் அப்பாவுடையது, உனக்கு அந்த வியாதி இல்லை, உன் உடம்பு இன்னும் வளர்கிறது' என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். திட்ட வேண்டாம். தட்டில் சோற்றை எண்ணிச் சாப்பிடுகிறாளா, ஒரு நாளில் நாலு தடவை எடை பார்க்கிறாளா, சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாளா என்று கவனியுங்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

கொழுப்பு என்றால் இடுப்பில் தொங்குவது, ரத்தக் குழாயில் படிவது என்றுதான் அந்தப் பிள்ளை கேள்விப்பட்டிருக்கும். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் கொழுப்பால் ஆனது. ஈஸ்ட்ரோஜனையே கொலஸ்டிராலை வைத்துத்தான் உடம்பு தயாரிக்கிறது. ஏ, டி, ஈ, கே என்ற நான்கு வைட்டமின்கள் கொழுப்பில் கரைந்தால்தான் குடலிலிருந்து உள்ளே போகும். நீங்கள் வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தருகிற காரட்டிலும் கீரையிலும் வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய கரோட்டின் நிறைய இருக்கிறது. கூட ஒரு துளி எண்ணெயும் இல்லையென்றால் அதில் பெரும்பகுதி வந்த வழியே வெளியேறிவிடும். கீரையைக் கடைந்து கடைசியில் நல்லெண்ணெயில் கடுகும் வற்றலும் தாளித்துக் கொட்டுவது வாசனைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு வகைக் கொழுப்பை நம் உடம்பால் தயாரிக்கவே முடியாது. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. ஒமேகா-6 வகையில் ஒன்று, ஒமேகா-3 வகையில் ஒன்று. இது தெரிய வந்ததே ஒரு எலிச் சோதனையில்தான். 1929-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி, கொழுப்பே இல்லாத தீனி கொடுத்து எலிகளை வளர்த்தார்கள். மற்ற சத்தெல்லாம் இருந்தும் எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. தீனியில் சிறிது கொழுப்பைச் சேர்த்ததும் தேறின. அதற்கு முன்னால் கொழுப்பு வெறும் எரிபொருள், வேண்டுமானால் விட்டுவிடலாம் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள்.

சரி, இப்போது உங்கள் கணவர் விஷயம். நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜனவரியில் மொத்தக் கொலஸ்டிரால் 238, எல்டிஎல் (கெட்ட கொலஸ்டிரால்) 149, எச்டிஎல் (நல்ல கொலஸ்டிரால்) 36, ட்ரைகிளிசரைடு 265. ஏப்ரலில் மொத்தம் 236, எல்டிஎல் 141, எச்டிஎல் 33, ட்ரைகிளிசரைடு 310. மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.1.

எல்டிஎல் எட்டுப் புள்ளி இறங்கியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் கொஞ்சம். 40-க்கு மேல் இருக்க வேண்டிய எச்டிஎல் இன்னும் கீழே போயிருக்கிறது. 150-க்குள் இருக்க வேண்டிய ட்ரைகிளிசரைடு அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ட்ரைகிளிசரைடு நாளுக்கு நாள் ஏறி இறங்கும் சரக்குதான், ஒரே ஒரு பரிசோதனையை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் எச்டிஎல் இறங்கி, ட்ரைகிளிசரைடு ஏறி, சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. கூடவே உங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பட்டியல். எல்லாம் சேர்ந்து ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

ட்ரைகிளிசரைடு என்பது கொழுப்புதான். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தபின் எடுக்கும் ரத்தத்தில் தெரிவது நேற்றுச் சாப்பிட்ட நெய் இல்லை. பெரும்பாலும் ஈரல் தயாரித்து ரத்தத்தில் அனுப்பியது. ஈரலுக்கு அதைத் தயாரிக்கத் தூண்டுதல் எங்கிருந்து வருகிறது? தேவைக்கு மேல் வந்து சேரும் அரிசி, மைதா, சர்க்கரை, பழச்சாறு, மது. (அவர் மது அருந்துவாரா என்று நீங்கள் எழுதவில்லை. அருந்துவார் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள்.) ஐந்து இட்லி, கார்ன்ஃப்ளேக்ஸ், சாதம், ரசம், சப்பாத்தி, தண்ணிப் பருப்பு. எண்ணெயை எடுத்த இடம் காலியாக இருக்கவில்லையம்மா, அங்கே மாவு வந்து உட்கார்ந்துவிட்டது. கொழுப்பைக் குறைக்கிறோம் என்று சொல்கிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: அதன் இடத்தில் என்ன வைத்தீர்கள்?

நீங்கள் செய்த தப்பு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தலைமுறை மருத்துவ உலகமே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 49,000 பெண்களை எடுத்து, ஒரு பகுதியினரைக் கொழுப்பைக் குறைத்துக் காய்கறியும் தானியமும் கூட்டிச் சாப்பிட வைத்து எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு மாரடைப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. மாறாக ஸ்பெயினில், இதயநோய் வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்களை எடுத்து, ஆலிவ் எண்ணெயோ, பாதாம், அக்ரூட் போன்ற கொட்டைகளோ தாராளமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பக்கவாதமும் மாரடைப்பும் சேர்த்து ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. அந்த ஆய்வில் ஆட்களைப் பிரித்த முறையில் குறை கண்டுபிடிக்கப்பட்டு, 2018-ல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வில், இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. இந்த நிலையில் கொழுப்பை முழுசாக எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

என் அப்பாவும் ஏழு வருடம் எண்ணெய் இல்லாத சாதம் சாப்பிட்டவர். அம்மா தாளிக்காமல் ரசம் வைத்து, அப்பளத்தைச் சுட்டுக் கொடுத்து, அவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொண்டாள். மூன்று வேளையும் சோறுதான். எட்டாவது வருடம் சர்க்கரை வந்தபோது, 'நான் எதிலே குறை வைத்தேன்' என்று அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. குறை உங்கள் கையில் இல்லையம்மா. உங்களுக்குக் கிடைத்த தகவலில் இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள், கவனித்தீர்களா? டப்பா பாதி திரும்பி வருகிறது, சாயங்காலம் வடா பாவ் சாப்பிடுகிறார். கொழுப்பு உள்ள சாப்பாடு வயிற்றிலிருந்து மெதுவாக இறங்கும், பசி தாங்கும். ரசம் சாதமும் வேகவைத்த கோஸும் ருசியும் இல்லை, மூன்று மணிக்கு மேல் தாங்கவும் தாங்காது. அந்த மனிதர் சிஎஸ்எம்டி ஸ்டேஷனிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் நெரிசலில் நின்றுகொண்டே வந்து செம்பூரில் இறங்கும்போது, எதிரில் கொதிக்கிற கடாயும் பூண்டுச் சட்னி வாசனையும் நின்றால் என்ன செய்வார்? அவரைத் திட்டாதீர்கள். நீங்கள் வீட்டை விட்டு அனுப்பிய எண்ணெய் ஸ்டேஷன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டிருக்கிறது. அதுவும் மோசமான எண்ணெயாக.

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது உடைந்து கெட்டுப்போகும். நிறம் கறுக்கும், ஓரத்தில் நுரை கட்டும், தொட்டால் பிசுபிசுக்கும், சீக்கிரமே புகையும். அப்படி உடைந்த பொருள்கள் 25 சதவீதத்துக்கு மேல் போன எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதி வைத்திருக்கிறது. தெருக் கடாய்க்குள் யார் போய் அளப்பார்கள்? உங்கள் வீட்டிலும் பண்டிகைக்குப் பொரித்த எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் பொரியலுக்குத் தாளித்துத் தீர்த்துவிடுங்கள். பழைய எண்ணெயில் புதியதை ஊற்றிக் கலக்காதீர்கள்.

பேக்கரிச் சரக்கும் இப்படித்தான். சாயாவில் தோய்த்துத் தின்னும் காரி பிஸ்கட் ஒன்றை வெள்ளைத் தாளில் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். எடுத்த இடத்தில் கண்ணாடி போல ஒரு வட்டம் தெரியும். அடுக்கடுக்காக மைதாவுக்கு நடுவில் வனஸ்பதி தடவித்தான் அதை அந்த நொறுநொறுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். ரத்தக் குழாய்க்கு மிகவும் கெடுதலான டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. மனதார வரவேற்க வேண்டிய சட்டம். ஆனாலும் அதற்குப் பதிலாக வந்தது பெரும்பாலும் பாமாயில் வகை. அதில் பாதி நிறைகொழுப்பு. அதாவது எல்டிஎல்லை ஏற்றுகிற கொழுப்பு. மேரி பிஸ்கட்டும் மருந்து இல்லை. மைதா, சர்க்கரை, கொஞ்சம் பாமாயில், அவ்வளவுதான்.

அப்படியானால் எவ்வளவு எண்ணெய்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய், நெய் என்று கணக்கு வைத்திருக்கிறது. (நம் குன்னூரில் 1918-ல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறிய கூடம்தான் அந்த நிறுவனம். 1958-ல்தான் ஹைதராபாத் போனது.) 27 கிராம் என்பது ஐந்து மில்லி தேக்கரண்டியில் ஆறு. தாளிப்பு, தோசைக்குச் சுற்றி விடுவது, சோற்றில் ஊற்றும் நெய் எல்லாம் சேர்த்து ஆறு.

என் மேசையில் ஒரு சமையலறைத் தராசும் ஒரு புட்டி கடலை எண்ணெயும் எப்போதும் இருக்கும். வருகிறவர்களிடம், 'வீட்டில் தாளிக்க எப்படி ஊற்றுவீர்களோ அப்படியே இந்தக் கிண்ணத்தில் ஊற்றுங்கள்' என்பேன். சென்ற மாதம் மாட்டுங்காவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்கள். 'ஒரு ஸ்பூன்தான் விடுவேன்' என்று சொல்லிக்கொண்டே புட்டியைச் சாய்த்தார்கள். முப்பது வருடப் பழக்கத்தில் மணிக்கட்டு தானாகத் திரும்பி, ஒரு சுழற்றுச் சுழற்றி நின்றது. தராசில் 14 கிராம். மூன்று தேக்கரண்டி. அவர்கள் பொய் சொல்லவில்லை. புட்டியிலிருந்து நேராக ஊற்றுகிற யாருக்கும் கண் அளவு தெரியாது. அதனால் அடுப்பு மேடையில் புட்டி வேண்டாம். வாய் அகன்ற சின்ன எவர்சில்வர் டப்பாவில் எண்ணெயை ஊற்றி உள்ளே ஒரு தேக்கரண்டி போட்டு வையுங்கள். இன்னும் சுலபமான வழி மாதக் கணக்கு. நான்கு பேருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து மாதம் மூன்று, மூன்றரை லிட்டர். ஒன்றாம் தேதி வாங்கி, முப்பதாம் தேதி வரை வந்தால் சரியாகப் போகிறீர்கள். இருபதாம் தேதியே தீர்ந்தால் கை நீளம். பத்து நாள் மிச்சமிருந்தால் பட்டினி.

எந்த எண்ணெய் என்பதற்குப் பெரிய ரகசியம் கிடையாது. நிறைகொழுப்பு குறைந்த எண்ணெயாக இரண்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சமையுங்கள். நல்லெண்ணெயில் அது ஏறத்தாழ 15 சதவீதம், கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள். இரண்டும் நமக்குப் பழகிய ருசி. மும்பையில் எங்கும் கிடைக்கிற கடுகெண்ணெய் உங்களுக்குப் பிடித்தால் அதையும் சேர்க்கலாம், அதில் ஒமேகா-3 இருக்கிறது. ஆலிவ் எண்ணெய் நல்ல எண்ணெய், ஆனால் உங்கள் வீட்டுக்கு அவசியம் இல்லை. அந்தப் பணத்துக்கு மீனும் வேர்க்கடலையும் வாங்குங்கள். செக்கு எண்ணெய் என்றால் மணமாக இருக்கும், கலோரி அதேதான். புட்டியில் 'கொலஸ்டிரால் இல்லை' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்டிரால் கிடையாது.

உங்கள் அத்தையிடம் சண்டை போடாதீர்கள். நெய்யில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. உங்கள் கணவருக்கு அந்த ஆறு தேக்கரண்டியில் ஒன்று நெய்யாக இருக்கலாம், சூடான பருப்பு சாதத்துக்கு மட்டும். தினமும் இரண்டு மூன்று கரண்டி என்றால் எல்டிஎல் 140-ல் இருப்பவருக்கு அது கூடாது. அத்தைக்கு வயதாகி, சாப்பாடும் குறைந்து, உடம்பும் மெலிந்திருந்தால் அவர்கள் தட்டில் கூட ஒரு கரண்டி விழட்டும். மகள் தட்டிலும் விழட்டும். நரம்பு தளரும் என்று அவர்கள் சொல்வது அவர்கள் காலத்துப் பேச்சு. கொழுப்பே இல்லாமல் உடம்பு நடக்காது என்ற அளவில் அதில் உண்மை இருக்கிறது.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைகொழுப்பு. அதை அவருக்குத் தினசரி எண்ணெயாக வைக்க வேண்டாம். தேங்காய்த் துருவல் வேறு விஷயம், அதில் நார்ச்சத்தும் இருக்கிறது. அவியலும் துவையலும் இல்லாமல் நெல்லைக்காரர்கள் எத்தனை நாள் சாப்பிட முடியும்? பொரியலில் ஒரு மேசைக்கரண்டி தூவுங்கள். குழம்புக்கு அரை மூடி அரைப்பதை மட்டும் வாரத்தில் ஒரு நாளாகக் குறையுங்கள். முட்டை மஞ்சள் கருவையும் அவருக்குத் திரும்பக் கொடுங்கள், நாளைக்கு ஒன்றுக்குள். உணவில் உள்ள கொலஸ்டிராலுக்கு 300 மில்லிகிராம் என்று இருந்த உச்சவரம்பை அமெரிக்க வழிகாட்டியே 2015-ல் எடுத்துவிட்டது. ரத்தத்தில் உள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதியை ஈரலே தயாரித்துக்கொள்கிறது.

மீனை நிறுத்தினீர்களே, அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். நம் ஊர்ச் சாளையும் அயிலையும்தான் ஒமேகா-3 அதிகமுள்ள மலிவான மீன்கள். இங்கே கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மா கோளி மாவ்ஷியிடம் 'தார்லி' என்றால் சாளை, 'பாங்டா' என்றால் அயிலை. வாரத்தில் இரண்டு நாள் வாங்குங்கள். எண்ணெயில் மூழ்கப் பொரிக்க வேண்டாம். புளிக்குழம்பாக வையுங்கள், இல்லை மசால் தடவி தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இரண்டு பக்கமும் புரட்டி எடுங்கள். மீன் இல்லாத நாளைக்கு ஆளி விதை இருக்கிறது. மராத்தி வீடுகளில் ஜவஸ் சட்னி என்று வறுத்துப் பொடிக்கிறார்களே, அதேதான். உங்கள் இட்லிப்பொடியில் எள்ளோடு ஒரு பங்கு சேர்த்து வறுத்து அரையுங்கள், வித்தியாசமே தெரியாது. நல்லெண்ணெய் குழைத்துத் தொட்டுக்கொள்ளட்டும்.

இப்போது தட்டை மாற்ற வேண்டும். காலையில் ஐந்து இட்லியை மூன்றாக்கி, கெட்டியான சாம்பாரும் ஒரு முட்டையும் வையுங்கள். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா தீர்ந்தால் அடுத்தது வாங்காதீர்கள். மதிய டப்பாவில் சாதம் பாதி, ஒழுங்காகத் தாளித்த பொரியல் நிறைய, கொண்டைக்கடலையோ தட்டாம்பயறோ போட்ட குழம்பு, தயிர். இரவில் சப்பாத்தி இரண்டு, கரண்டி நிற்கிற பருப்பு. டப்பா காலியாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள், நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள் என்பதற்கு எனக்கு அதுவே போதும். சாயங்காலத்துக்கு சிங்-சனா, அந்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும், ஒரு சின்ன டப்பாவில் அவர் பையிலேயே போட்டு அனுப்புங்கள். வண்டியில் டைம்பாஸ் விற்பவர் வருவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி, 30 கிராம் போதும். கடலையிலும் கொழுப்பு நிறைய, கொழுப்பு எதில் இருந்தாலும் கிராமுக்கு ஒன்பது கலோரி உண்டு. வடா பாவை மாதம் இரண்டு தடவை, புதிதாக எண்ணெய் வைக்கிற கடையாகப் பார்த்து, உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

கடைசியாக மாத்திரை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாமனார் 55 வயதுக்கு முன்னால் இதயநோயில் இறந்ததை எந்த மருத்துவரும் மகனுக்கான தனி ஆபத்தாகத்தான் எடுத்துக்கொள்வார். எல்டிஎல், எச்டிஎல், ட்ரைகிளிசரைடு, சர்க்கரை நான்கும் கூடவே நிற்கின்றன. சாப்பாட்டை ஒழுங்காக மாற்றினால் ட்ரைகிளிசரைடு நன்றாகவே இறங்கும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. எல்டிஎல்லைச் சாப்பாடு ஓரளவுதான் இறக்கும். டாக்டர் எழுதியது ஸ்டேட்டின் மாத்திரையாக இருந்தால், அது ஆயிரக்கணக்கானவர்களிடம் பல ஆண்டுகள் சோதித்து மாரடைப்பைக் குறைப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து. அதை எடுப்பது சாப்பாட்டில் தோற்றதாக ஆகாது. இரண்டு ரிப்போர்ட்டையும், மாமனாரின் வயதையும், இந்த மூன்று மாதம் மாத்திரை எடுக்கவில்லை என்ற உண்மையையும் சொல்லி அதே டாக்டரிடம் மறுபடி கேளுங்கள். தைராய்டும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த பரிசோதனையைப் பன்னிரண்டு வாரம் கழித்து, அதே லேபில், பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் எடுங்கள். அதற்கு முந்தைய மூன்று நாளில் கல்யாண விருந்து, பார்ட்டி எதுவும் வேண்டாம், எண் தப்பாகக் காட்டும். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மகளை டாக்டர் பார்த்து என்ன சொன்னார் என்பதை மட்டும் அதுவரை வைத்திருக்காமல் அன்றே எழுதிவிடுங்கள்.